10,000 வாட் விளக்கை வீட்டு மின் இணைப்பில் எரிக்க முடியுமா?

அகல்விளக்கு:

அனைவருக்கும் வணக்கம். மூடப்பட்டுவிட்ட ஒரு படப்பிடிப்புத் தளத்தின் பழைய சாமான்களை ஏலத்தில் எடுத்த காயலான் கடைக்காரர் ஒருவரிடமிருந்து பெரிய விளக்கு ஒன்றை வாங்கியிருக்கிறேன். குடுவையின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் அடி. அடியில் விரல் தடிமனுக்கு இரண்டு உலோகக் கால்கள் இருக்கின்றன. உச்சியில் 240 வோல்ட், 10,000 வாட் என்று அச்சிட்டிருப்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்; இழை அறுபடவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவதாக, குடுவைக்குள் சாம்பல் நிறத்தில் மணல் போன்ற தூள் கிடக்கிறது. அசைத்தால் சரசரவென்று ஓடுகிறது. உள்ளே ஏதேனும் உடைந்து பொடியாகிவிட்டதா? இரண்டாவதாக, எங்கள் வீட்டில் ஒருமுனை இணைப்புதான், மெயின் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) 40 ஆம்பியர். 10,000 வாட்டை 240 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 ஆம்பியர் வருகிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சில விநாடிகள் மட்டும் இதை எரித்துப் பார்க்கலாமா? இங்கிலாந்தைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் 20,000 வாட் விளக்கையே தம் வீட்டில் எரித்துக் காட்டிய காணொளியைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை விடவில்லை.

கோடம்பாக்கத்தான்:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்லலாம். உள்ளே கிடப்பது டங்ஸ்டன் தூள். எதுவும் உடையவில்லை, தயாரித்தவர்களே வேண்டுமென்று போட்டு மூடியது அது. 3,200 கெல்வின் வெப்பநிலையில் எரியும் இழையிலிருந்து டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக் குடுவையின் உட்புறம் கரும்படலமாகப் படியும். அந்தக் கருமை ஏற ஏற வெளிச்சம் குறைவதோடு, கறுத்த பகுதி வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடியே உப்பிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே விளக்கு நன்றாக ஆறிய பிறகு கழற்றிக் கவிழ்த்து, தூள் உட்புறம் முழுவதும் உரசி ஓடும்படி மெல்லச் சுழற்றுவார்கள். படலம் தேய்ந்து கண்ணாடி தெளிந்துவிடும். தூளை மீண்டும் அடிப்பகுதிக்கு இறக்கிவிட்டுத்தான் பொருத்த வேண்டும், ஏனெனில் இழைச்சுருள்களுக்கு இடையே அது சிக்கிக்கொண்டால் அந்த இடம் குறுக்குச்சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்).

ஆலஜன் விளக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி ஆகியோருக்கு 1959இல் காப்புரிமை கிடைத்த அந்த முறையில், குடுவைக்குள் இருக்கும் அயோடின் ஆவியாகும் டங்ஸ்டனைப் பிடித்து இழையிடமே திருப்பிக் கொண்டுசேர்த்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய வகை. உள்ளே ஆலஜன் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கால்கள் இரண்டுக்கும் இடையே 38 மில்லிமீட்டர் இருக்கும், அளந்து பாருங்கள். விளக்கை எப்போதும் கால்கள் கீழே இருக்கும்படிதான் எரிக்க வேண்டும். தளத்தில் நாங்கள் இதை ‘டென் கே’ என்போம். எஃகுக் கூட்டுக்குள், தடித்த வில்லைக்குப் பின்னால்தான் எரியும். வெற்று விளக்கை யாரும் முகத்துக்கு நேரே எரித்ததில்லை. சூடேறிய குடுவைமேல் ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓம்விதி:

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். 42 ஆம்பியர் என்ற உங்கள் கணக்கு சரியானதே, ஆனால் அது இழை முழுச்சூட்டை அடைந்த பிறகு ஓடும் மின்னோட்டம். அப்போது இழையின் மின்தடை 5.76 ஓம். டங்ஸ்டன் ஆறிக் கிடக்கும்போது அதன் மின்தடை ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான், அதாவது 0.4 ஓமை ஒட்டி இருக்கும். சுவிட்சைப் போட்ட கணத்தில் வீட்டு மின்சாரம் காண்பது இந்த 0.4 ஓமை. மின்மாற்றியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும் கம்பிகளின் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், 230ஐ 0.9 ஆல் வகுக்க 250 ஆம்பியருக்கு மேல் வரும். இழை சூடேற எடுக்கும் முதல் ஓரிரு விநாடிகளில் அது படிப்படியாகத் தணியும்.

இப்போது உங்கள் எம்சிபியைப் பாருங்கள். ‘சி’ வகை என்றால், திடீர்ப் பெருமின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும் அதன் காந்தப் பகுதி, குறித்த அளவைப்போல் 5 முதல் 10 மடங்குக்குள் எங்கோ ஓரிடத்தில் விழும். 40 ஆம்பியருக்கு அது 200 முதல் 400 ஆம்பியர். ஆகவே அது விழலாம், விழாமலும் போகலாம். விழாவிட்டால், பிறகு ஓடும் 40 சொச்சம் ஆம்பியரை, நீடிக்கும் மிகைப்பளுவைக் கவனிக்கும் வெப்பப் பகுதி ஒரு மணி நேரம்கூடக் கண்டுகொள்ளாது. எம்சிபி காப்பாற்றிவிடும் என்று நம்பி இறங்குவதற்கு இங்கே இடமில்லை.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வகை விளக்கு வாட்டுக்கு 25 லூமன் அளவில் தரும். மொத்தம் இரண்டரை லட்சம் லூமன் வரும். கடையில் விற்கும் 9 வாட் எல்இடி பல்ப் 900 லூமன் தருகிறது என்று கொண்டால், ஏறத்தாழ 280 பல்புகளை ஒரே இடத்தில் குவித்தாற்போல் இருக்கும். ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர்மேல் சதுர மீட்டருக்கு 800 வாட் விழும். உச்சிவெயில் 1,000 வாட். அரை மீட்டருக்கு நெருங்கினால் அது 3,000 வாட்டைத் தாண்டிவிடும்.

பொறிபறக்கும்:

எல்லாரும் அச்சுறுத்தியே பொழுதுபோக்குப் பரிசோதனைகளைக் கொன்றுவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அந்தக் காணொளியைப் பார்த்தவன். அவர் எரித்தது இதைப்போல் இரண்டு மடங்கு. அவர் வீடு எரிந்துபோகவில்லை. எம்சிபி விழுந்தால் மீண்டும் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஐந்து விநாடியில் எந்தக் கம்பியும் உருகிவிடாது. 1954இல் எடிசன் விளக்கின் 75ஆம் ஆண்டைக் கொண்டாட ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமே 75,000 வாட் விளக்கைச் செய்து எரித்திருக்கிறது. பெரிய விளக்கின்மேல் மனிதனுக்கு இருக்கும் ஆசை புதிதல்ல.

மும்முனை:

நண்பர் பொறிபறக்கும் அவர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்து வீட்டையும் நம் வீட்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. அங்கே ஒரு சாதாரண வீட்டுக்கே ஒருமுனையில் 80 அல்லது 100 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இணைப்பு தருகிறார்கள். மண்ணுக்கடியில் தடித்த கேபிள் வருகிறது. 20,000 வாட்டுக்குத் தேவையான 87 ஆம்பியர் 100 ஆம்பியர் இணைப்பின் வரம்புக்குள் அடங்கிவிடும். நம்மில் பலருடைய வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது மெல்லிய சர்வீஸ் ஒயர். அதைக் கம்பத்தில் முறுக்கிக் கட்டியிருப்பதும் உண்டு.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒயரிங் வேலை செய்கிறேன். கம்பி நடுவில் உருகி நான் பார்த்தது அரிது, எரிவதெல்லாம் இணைப்புகள்தாம். இரண்டாயிரம் வாட் கீசரின் 16 ஆம்பியர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு கால் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகி, கருகிய மீன்வாடை அடிக்கும். வெறும் 9 ஆம்பியர் செய்கிற வேலை அது. திருகு சற்றே தளர்ந்து, அந்த இடத்தில் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 ஆம்பியர் ஓடும்போது அங்கே 4 வாட் சூடுதான் பிறக்கும். 41 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அது 84 வாட் ஆகிவிடும். ஒரு சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துக்கொண்டால், மீட்டர் பெட்டிக்குள் ஒரு திருகுமேல் மூன்று சால்டரிங் அயர்ன்களை வைத்து அழுத்துவது போன்றது இது. எம்சிபிக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, ஏனெனில் மின்னோட்டம் வரம்புக்குள்தான் இருக்கிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. தெருவில் மூன்று முனைகளும் பகிர்ந்துகொள்ளும் நியூட்ரல் ஒன்றுதான். ஒரு முனையில் மட்டும் திடீரென்று 40 ஆம்பியரை ஏற்றினால், அதன் பெரும்பகுதி நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். கம்பத்தில் ஏற்கெனவே நைந்துபோன நியூட்ரல் இணைப்பு அந்த நேரத்தில் விட்டுவிட்டது என்றால், மற்ற முனைகளில் இருக்கும் வீடுகளுக்கு 230க்குப் பதில் 300, 350 வோல்ட்கூடப் போகும். அண்டை வீட்டார் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் போன பிறகு, ‘சில விநாடி வெளிச்சம் பார்த்தேன்’ என்று அவர்களிடம் சொல்ல முடியாது. தெருவுக்கு மின்சாரம் தரும் 63 கேவிஏ மின்மாற்றியின் முழுத் திறனே ஒரு முனைக்கு 84 ஆம்பியர்தான். உங்கள் ஒரு விளக்கு அதில் பாதியைக் கேட்கிறது. 25 கேவிஏ என்றால் முனைக்கு 33 ஆம்பியர், பேச்சே வேண்டாம். அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மீறுவது பற்றி மின்வாரியம் என்ன சொல்லும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

அகல்விளக்கு:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் என் நண்பரின் மாவு மில்லில் முயலலாமா? அங்கே மும்முனை இணைப்பு இருக்கிறது, கம்பிகளும் தடிமனானவை.

மும்முனை:

மும்முனை இருந்தாலும் உங்கள் விளக்கு ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையேதான் எரிய வேண்டும். அதே 41 ஆம்பியர், அதே சமநிலைக் குலைவு. இரண்டு முனைகளுக்கு இடையே இணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே இருப்பது 415 வோல்ட். 240 வோல்ட் இழைக்கு அதைக் கொடுத்தால் திறன் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். இழை உருகி வில்பொறி கிளம்பி, ஓர் அடிக் குடுவை சிதறுவதைக் காண நேரலாம்.

வடலியூரான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒருமுனை 30 ஆம்பியர் இணைப்பு என்பதால், இந்த மின்குமிழைப் பற்றிய கனவே எனக்கு வராது. ஆனால் சக்தி கூடிய மின்குமிழ்களை நான் வேறு வகையில் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு வழி திறக்கக்கூடும்.

பழுதுபார்க்க வரும் எந்த வீட்டுச் சாதனத்தையும் நான் நேரடியாக மின்சாரத்தில் செருகுவதில்லை. 200 வாட் குண்டு மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்த பலகை என்னிடம் உண்டு. தமிழகத்து நண்பர்கள் ‘சீரிஸ் லேம்ப்’ என்று சொல்வதும் இதைத்தான். சாதனத்துக்குள் குறுக்குச்சுற்று இருந்தால் மின்குமிழ் முழு வெளிச்சத்தில் எரிந்து, மின்னோட்டத்தை ஓர் ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். ஃபியூஸ் போகாது, பொறி பறக்காது. சாதனம் நன்றாக இருந்தால் மின்குமிழ் மங்கலாக எரியும். மிக்சியின் சுருள் எரிந்ததா, வானொலிப் பெருக்கியின் மின்வழங்கி பழுதா என்று மின்குமிழின் ஒளியைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். புதிய இன்வெர்ட்டர் வகைச் சாதனங்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. மின்னழுத்தம் குறைந்தால் அவை கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கும். பின் அணைந்து, மறுபடி எழும்பி, மின்குமிழை இமைக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு பாடம் உண்டு. 1,000 வாட் ஆலஜன் மின்குமிழையும் 1,000 வாட் மின்னழுத்தியையும் (அயர்ன் பாக்ஸ்) தொடராக இணைத்தால், ஆளுக்குப் பாதியாக 115 வோல்ட் கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வர். கிடைக்காது. மின்குமிழின் இழை ஆற ஆற அதன் தடை குறைகிறது. மின்னழுத்தியின் சுருளுக்கு அந்தக் குணம் ஏறத்தாழ இல்லை. கணக்குப் போட்டால் மின்குமிழுக்கு 95 வோல்ட் அளவும் மின்னழுத்திக்கு 135 வோல்ட் அளவும் வரும். வெளிச்சமோ வழக்கமானதில் இருபதில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். மின்னோட்டம் இரண்டரை ஆம்பியர்.

மின்பிறப்பாக்கிகளை (ஜெனரேட்டர்) சோதிக்கவும் 1,000 வாட் ஆலஜன்களையே சுமையாக வைக்கிறேன். ஒவ்வொன்றாகத்தான் ஆளியை (சுவிட்ச்) போட வேண்டும். ஒரேயடியாகப் போட்டால், ஆறிய இழைகள் இழுக்கும் மின்னோட்டத்தில் சிறிய இயந்திரம் மூச்சுத்திணறி நின்றுவிடும்.

அகல்விளக்கு:

வடலியூரான் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டு 2,000 வாட் கீசரைத் தொடராக இணைத்து, அதன் வழியே இந்த 10,000 வாட் விளக்குக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன? கீசரே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும் அல்லவா? எம்சிபிக்கும் நியூட்ரலுக்கும் எந்த அதிர்ச்சியும் இராது.

ஓம்விதி:

நல்ல சிந்தனை. காகிதத்தில் அழகாகவே வருகிறது. கீசரின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம். ஆகவே விளக்கு ஆறிக் கிடந்தாலும் மின்னோட்டம் 9 ஆம்பியரைத் தாண்டாது. தொடக்க அதிர்ச்சி என்ற பேச்சே எழாது. நிலைபெற்ற பிறகு விளக்கின் குறுக்கே நிற்பது 17 வோல்ட் அளவுதான். விளக்கு 140 வாட்டை எடுத்துக்கொண்டு இருண்ட சிவப்பில் ஒளிரும். தண்ணீரும் கிட்டத்தட்ட வழக்கம்போல் காயும். உலகத்திலேயே விலையுயர்ந்த கீசர் இண்டிகேட்டர் உங்களுடையதாக இருக்கும்.

ஆனால் நான் இதைச் செய்யமாட்டேன், காரணம் விளக்கின் கால்கள். அவை விரல் தடிமனில் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் அதற்குரிய பீங்கான் ஹோல்டர் இல்லை. இரண்டு கால்களுக்கும் இடையே 17 வோல்ட்தான் என்றாலும், தரையில் நிற்கும் உங்களுக்கும் அந்தக் கால்களுக்கும் இடையே இருக்கக்கூடியது முழு 230 வோல்ட். கீசரின் தெர்மோஸ்டாட் துண்டித்து விளக்கு அணைந்துவிட்டால் இன்னும் மோசம். எரியாத விளக்கைக் கண்டு மின்சாரம் இல்லை என்று நினைத்துக் கை வைப்பீர்கள். பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) விளக்குப் பக்கம் வந்திருந்தால் அது அப்போதும் உயிரோடுதான் இருக்கும். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஈஎல்சிபி, உடல்வழி மண்ணுக்குப் போவதைக் கண்டுபிடிக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் உங்களையும் ஒரு பல்பாகத்தான் கருதும்.

பொறிபறக்கும்:

தேவைப்படுவது இருபது வோல்ட் அளவுதான் என்றால் வழி எளிது. பழுதான மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து மின்மாற்றியைக் கழற்றி, இரண்டாம் சுருளை அறுத்தெடுத்துவிட்டுத் தடித்த கம்பியைச் சில சுற்றுகள் சுற்றினால் போதும். ஸ்பாட் வெல்டிங் இயந்திரம் செய்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓம்விதி:

செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அடுப்பைத் திறப்பது, வீட்டுச் சாதனங்களில் ஒருவர் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. இரண்டாம் சுருள் தருவது ஏறத்தாழ 2,000 வோல்ட். அதுவும் ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தோடு. அதனருகில் இருக்கும் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். இதே மின்மாற்றியை வைத்து மரப்பலகையில் மின்னல் வடிவங்களை எரிக்கும் மோகம் பரவி, பலர் உயிரிழந்த பின்னர், அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த முறையையே தடைசெய்துவிட்டது. அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் சுழலும் கடைசல் இயந்திரத்தோடு அன்றாடம் பழகுகிறவர்கள். எளிதில் அஞ்சுகிறவர்கள் அல்லர்.

அகல்விளக்கு அவர்களே, உங்களுக்கு மின்மாற்றியே வேண்டாம். லாரி பேட்டரி இரண்டை வாடகைக்கு எடுங்கள். 12 வோல்ட் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். அந்த மின்னழுத்தத்தில் கால்களைத் தொட்டாலும் அதிர்ச்சி இராது. விளக்கின் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடாது, கால் பங்குக்குத்தான் இறங்கும், 10.5 ஆம்பியர், 250 வாட். இழை 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். கண் கூசாது. முழு வெளிச்சத்தில் நீங்கள் ஒருபோதும் பார்க்க முடியாத இழையின் அமைப்பை அப்போது பார்க்கலாம். ஆலஜன் விளக்காக இருந்தால், குடுவைச் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக இல்லாதபோது அந்தச் சுழற்சி நடக்குமா என்ற கேள்வி வரும். உங்களுடையது பழைய வகை என்பதால் எவ்வளவு குறைத்து எரித்தாலும் அதற்கு நல்லதுதான். மின்னழுத்தம் குறையக் குறைய ஆயுள் பன்மடங்கு பெருகும். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் விளக்கு, இன்று 4 வாட் அளவில்தான் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு நுணுக்கம்: நேரடியாக 24 வோல்ட்டைக் கொடுத்தால் ஆறிய இழை 60 ஆம்பியரை இழுக்கும். முதலில் ஒரு பேட்டரியோடு 12 வோல்ட்டில் தொடங்குங்கள். 30 ஆம்பியரில் ஆரம்பித்துச் சில விநாடிகளில் 7 ஆம்பியருக்கு இறங்கிவிடும். இழை சூடேறிய பிறகு 24 வோல்ட்டுக்கு மாற்றினால் 14 ஆம்பியருக்கு மேல் போகாது. இடையில் 40 ஆம்பியர் வாகன ஃபியூஸ் கட்டாயம். பேட்டரி ஆளை அதிர்ச்சிக்குள்ளாக்காது. ஆனால் அதன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் அந்த ஸ்பானரே பழுக்கும். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கோடம்பாக்கத்தான்:

கால்களில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். கால்களுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான காற்றுப்புகா அடைப்பில் திடீர்ச் சூடு பட்டால் விரிசல் விடும். தடித்த செப்பு லக்கை (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) காலைச் சுற்றி வளைத்து, நெளிகுழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். இறுக்கும்போது காலை முறுக்கக் கூடாது.

அகல்விளக்கு:

இன்று மாலை விளக்கு எரிந்தது. 12 வோல்ட் கொடுத்த சில விநாடிகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அறையின் விளக்கை அணைத்த பிறகுதான் நடுவில் இருந்த சுருள்கள் கருஞ்சிவப்பாக எழுந்தன. 24 வோல்ட்டுக்கு மாற்றியதும் நிறம் மெல்ல ஆரஞ்சை நோக்கி ஏறியது. இழை ஒரே நீளச் சுருள் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் பல சுருள்கள், மேலும் கீழும் கொக்கிகளில் மாட்டப்பட்டிருக்கின்றன. கொக்கி தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுற்று மட்டும் இருண்டு கிடக்கிறது. கொக்கி அந்த இடத்தின் சூட்டை இழுத்துக்கொள்வதாகப் புரிந்துகொண்டேன். ஓரத்துச் சுருள்களைவிட நடுச்சுருள்கள் ஒரு படி கூடுதலாக ஒளிர்கின்றன, ஏனெனில் அவற்றை இருபுறமும் அண்டைச் சுருள்கள் சூடாக்குகின்றன. அடியில் கிடந்த டங்ஸ்டன் தூள் செவ்வொளியில் பளபளத்தது.

ஒரு சிக்கல். என் டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மின்னோட்டம் சுழியம் என்றே காட்டியது.

மும்முனை:

சாதாரண டாங் டெஸ்டர் மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். பேட்டரி மின்சாரத்துக்கு நேர்மின்னோட்டமும் அளக்கும் வகையை வாங்க வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தொடக்கத்து 30 ஆம்பியரில் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

அகல்விளக்கு:

நண்பர் ஒருவரிடமிருந்து நேர்மின்னோட்டம் அளக்கும் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டேன். நிலைபெற்ற பிறகு 10 ஆம்பியரை ஒட்டி நின்றது. பேட்டரி மின்னழுத்தமும் சற்று இறங்கியிருந்ததால் கணக்கோடு பொருந்துவதாகவே எடுத்துக்கொள்கிறேன். இனி 48 வோல்ட்டுக்குப் போகலாமா?

ஓம்விதி:

போகலாம். அதே படிமுறையில் 12, 24, 48 என்று ஏறுங்கள். மின்னோட்டம் 16 ஆம்பியர், திறன் 760 வாட் அளவு வரும். குடுவை தொட முடியாத அளவுக்குச் சுடும், ஆகவே எரியும்போதும் அணைத்த பிறகு நெடுநேரமும் கை வைக்காதீர்கள். இழை 1,400 டிகிரியை எட்டும். அப்போது கிடைக்கும் வெளிச்சத்தைக் கணக்கிட்டால் ஆயிரம் லூமனுக்குச் சற்று மேல். 9 வாட் எல்இடி பல்ப் தருகிற வெளிச்சத்துக்கு 760 வாட் செலவாகிறது. குறைந்த சூட்டில் எரியும் இழை தன் ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவே கொட்டிவிடுகிறது. ஒரு வரைபடத்தாளில் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் படிப்படியாகக் குறித்து வாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மின்தடையைக் கணக்கிட்டால் இழையின் வெப்பநிலையை நீங்களே மதிப்பிட்டுவிடலாம்.

மும்முனை:

48 வோல்ட்டுக்குப் போகும்போது சுவிட்சை மாற்றிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் எம்சிபியையோ 16 ஆம்பியர் சுவிட்சையோ போடாதீர்கள். மாறுமின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை சுழியத்தைக் கடப்பதால் அவற்றில் எழும் வில்பொறி தானாக அணையும். நேர்மின்னோட்டத்துக்கு அந்த வசதி இல்லை, தொடுமுனைகள் பிரிந்த பிறகும் பொறி நீண்டு எரிந்து கருக்கிவிடும். சூரியத் தகடு அமைப்புகளுக்கு விற்கும் டிசி எம்சிபி 32 ஆம்பியரில் கிடைக்கும். நேர்முனை, எதிர்முனை குறி போட்டிருந்தால் அதன்படியே இணையுங்கள்.